வேரா, பூத்தண்டா?

பங்காருபேட்டையில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு சிறிய வீட்டின் மொட்டைமாடியில், கடந்த மூன்று வாரங்களாக ஒரே ஒரு கேள்வி நடமாடிக்கொண்டிருக்கிறது. நிழல்வலைக்குக் கீழே மரக்கூடையில் தொங்கும் ஒரு வாண்டாச் செடியின் கீழிருந்து நான்காவது இலைக்கும் தண்டுக்கும் இடையே, கடுகளவு புடைப்பு ஒன்று தோன்றியிருக்கிறது. அது வேராகவும் இருக்கலாம், பூத்தண்டாகவும் இருக்கலாம். வேரென்றால் அதில் செய்தி ஒன்றுமில்லை. வாண்டாவுக்கு வேர் விடுவது அன்றாட வேலை. பூத்தண்டென்றால், உலகில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு பூ ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அந்த மாடியில் விரியும்.

செடியை வளர்ப்பவருக்கு எழுபத்தைந்து வயது. கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும்வரை நிலத்தடியில் வேலை பார்த்தவர். கையில் வந்த தொகையோடு பங்காருபேட்டைக்கு இடம்பெயர்ந்து இந்த வீட்டை வாங்கினார். பெங்களூரில் அறிவியல் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அவருடைய மகள் வாரம் ஒருமுறை ரயிலேறி வருகிறாள். அந்தப் புடைப்பை முதலில் கண்டவள் அவள்தான். கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, வேர்தான் என்று முடிவு சொன்னாள். அவரோ படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவும் இயலாது. விழித்திரையின் மையப்பகுதி சிதையும் முதுமைக்கால நோயில் அவருடைய வலக்கண் ஏற்கெனவே பயனற்றுப் போயிற்று; இடக்கண்ணில் அது தொடங்கியிருக்கிறது. அவர் சுட்டுவிரலின் நுனியை மட்டும் அந்த இடுக்கில் வைத்துச் சிறிது நேரம் நின்றார்.

"வேரு உருண்டையா இருக்கும்மா. இது கொஞ்சம் தட்டையா கீது."

"நைனா, ரெண்டு மில்லிமீட்டர்ல என்னா தட்ட, என்னா உருண்ட?"

"இன்னும் பத்து நாளு போவட்டும்."

வாண்டா என்னும் சொல்லைத் தமிழ்வழியில் உயிரியல் படித்த எவரும் மறந்திருக்க முடியாது. தொற்றுத்தாவரத்தின் வேருக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல் கொடுப்பது அதைத்தான்: காற்றில் தொங்கும் வேர், அதைச் சுற்றிப் பஞ்சுபோல் ஈரத்தை உறிஞ்சும் வெலாமன் திசு. மரத்தின்மேல் வாழ்ந்தாலும் மரத்தின் சாற்றை உறிஞ்சாது என்பதால் புல்லுருவியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். அந்த வேரின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கியவர்களில், செடியை ஒருமுறையேனும் நேரில் கண்டவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். இத்தனைக்கும் அது அரிய செடியல்ல. வாண்டா டெஸ்ஸலேட்டா என்னும் இனம் தக்காணத்தின் வறண்ட சமவெளிகளில் மாமரத்திலும் பிற சாலையோர மரங்களிலும் தொற்றி வாழ்வது. ராக்ஸ்பரோ இதைக் கோரமண்டல் கரையின் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் படத்துடன் பதிவு செய்தார். வாண்டா என்ற பெயரே சமஸ்கிருதத்திலிருந்து வில்லியம் ஜோன்ஸ் எடுத்துக் கையாண்டது. 1820இல் இராபர்ட் பிரௌன் அதைப் பேரினப் பெயராக நிலைநிறுத்தியபோது அடிப்படையாகக் கொண்டதும் இந்தச் சமவெளிச் செடியைத்தான். இன்று உலகச் சந்தையில் நீலமும் செம்மையுமாக விற்கும் வாண்டாக்கள் அனைத்தின் பெயருக்கும் மூலம், கோடையில் இலை சுருங்கிக் கிடக்கும் இந்த எளிய செடி. அதன் பூ சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், அதன்மேல் பழுப்புக் கட்டங்கள், நடுவில் ஊதா உதடு. அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மணம் உண்டு. பழுத்த திராட்சையை நினைவூட்டும் மணம்.

கோலார்ச் சாலை அகலப்படுத்தலில் வெட்டுண்டு கிடந்த ஒரு மாமரத்தின் கிளையிலிருந்து அவர் எடுத்து வந்தது அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு செடி. லாரியில் ஏற்றப்பட்டு விறகாகப் போகவிருந்த கிளை. பின்பு லால்பாகில் குடியரசு நாள் மலர்க்காட்சிக்குப் போன ஓராண்டில், நீலப் பூவுள்ள தோட்டக்கலப்பின வாண்டா ஒன்றையும் வாங்கி வந்தார். 2016 மே மாதத்தில் இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தன. ஓர் ஈர்க்குச்சியின் முனையால் நீலப்பூவின் மகரந்தத் திரளைத் தொட்டெடுத்து, மாமரத்துப் பூவின் நடுத்தூணில் ஒட்டவைத்தார். அவ்வளவுதான். பூ வாடியது, காம்பு தடித்தது, காய் உருவானது.

ஏன் செய்தார் என்று மகள் பலமுறை கேட்டிருக்கிறாள். நீலத்தில் கட்டம் போட்டால் எப்படியிருக்கும் என்று பார்க்கத்தான் என்பது அவருடைய பதில். அன்று அவருக்கு இரண்டு கண்களும் தெரிந்தன.

ஆர்க்கிட் கலப்பினம் செய்வதில் மனிதன் செய்யும் வேலை ஐந்து நிமிடம், மீதியெல்லாம் காத்திருப்பு. காய் முதிரவே பல மாதங்கள். முதிர்ந்த காய்க்குள் இருப்பவை விதைகள் என்றாலும் பார்வைக்குத் தூசு. ஒரு காயில் இலட்சக்கணக்கில் இருக்கும். நெல்லுக்கும் அவரைக்கும் இருப்பதுபோலக் கட்டுச்சோறு எதையும் இந்த விதைக்குத் தாய் கொடுத்தனுப்புவதில்லை. இயற்கையில், தக்கதொரு பூஞ்சை அதற்குள் புகுந்து உணவூட்டினால்தான் முளைக்கும். பிரான்ஸ் நாட்டின் நோயேல் பெர்னார் இந்த உறவைக் கண்டறிந்தார். தம் ஆய்வு முழுமையாகக் கனியுமுன் 1911இல் முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் கண்ணாடிக் குடுவைக்குள் விதையை முளைக்கவைக்கலாம் என்று 1922இல் காட்டியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன். பங்காருபேட்டைக் காயும் அவ்வாறே ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மகளின் தோழி ஒருத்தியின் தயவில், குடுவைக்குள் போனது. முதலில் பச்சைப் புள்ளிகள். பிறகு புள்ளிகளுக்கு ஒரு முனை. பிறகு முனைக்கு இலை. 2019இல் குடுவையைத் திறந்தபோது விரல்நகம் அளவுள்ள நாற்றுகள் ஐம்பதுக்குக் குறையாமல் இருந்தன. முதல் கோடையில் பாதி போயிற்று. பெருந்தொற்று ஆண்டில் மருந்துக்கும் உரத்துக்கும் வழியில்லாமல் மேலும் சில போயின. இன்று ஒன்பது. ஒன்பதில் ஒன்றில்தான் இந்தப் புடைப்பு.

தண்ணீரே பெரிய பாடு. கோலார் மாவட்டத்தின் நிலத்தடி நீர் உப்பும் ஃபுளூரைடும் மிகுந்தது. ஆர்க்கிட்டின் வேருக்கு அது ஆகாது. ஓராண்டு ஊற்றினால் வேரின் மேல் வெள்ளைப் படலம் ஏறி, செடி தாகத்தோடே சாகும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழும் மழைநீரை அவர் பீப்பாய்களில் பிடித்து மூடிவைக்கிறார். கோடையில் அந்த நீரைச் செலவழிப்பதில் அவர் காட்டும் கண்டிப்பு வீட்டில் பிரசித்தம். வாயில்லாச் செடிக்கு மழைத்தண்ணீர், வாயுள்ள மனுஷிக்கு போர்வெல் தண்ணீரா என்று அவருடைய மனைவி கேட்கும் கேள்விக்கு இதுவரை விடை கிடைத்ததில்லை.

மகள் சனிக்கிழமை இரவுகளில் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். நாளிதழைத் தாமே படிக்க முடியாமல் போன பிறகு தொடங்கிய வழக்கம். அவளுடைய ஆய்வுக் குறிப்புகளிலிருந்து அவர் மிகவும் விரும்பிக் கேட்டவை, முதல் பூவுக்காகக் காத்திருந்தவர்களின் கதைகள்.

ஆர்க்கிட்டில் மனிதர் செய்த முதல் கலப்பினம் பூத்தது 1856இல், இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில். வீச் குடும்பத்தாரின் நாற்றங்காலில் வேலை பார்த்த ஜான் டொமினி, ஜான் ஹாரிஸ் என்னும் அறுவை மருத்துவர் சொன்ன யோசனையை ஏற்று இரண்டு கலாந்தே இனங்களைச் சேர்த்தார். பூஞ்சையைப் பற்றியும் குடுவையைப் பற்றியும் அன்று யாருக்கும் தெரியாது. விதையைத் தாய்ச்செடியின் தொட்டியிலேயே தூவிவிட்டுக் காத்திருப்பதே வழி. பூத்தபோது அதைப் பார்த்த தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, இனி எங்களைப் போன்றவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்ற பொருளில் ஏதோ சொன்னதாகச் செய்தி. இனங்களை வகைப்படுத்துவதையே வாழ்வாகக் கொண்டவருக்கு அந்த அச்சம் இயல்பே. கதையில் மகள் அடிக்கோடிட்டு வைத்திருந்தது வேறொன்றை: அந்தக் கலப்பினத்தின் தாயும் தந்தையுமான இரண்டு கலாந்தே இனங்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலும் வளர்பவை. உலகின் முதல் கலப்பின ஆர்க்கிட்டின் பெற்றோர் நம் மலைகளுக்கும் சொந்தக்காரர்கள் என்பதை இங்கே எந்தப் பாடநூலும் ஒரு வரியாகக்கூடச் சொல்வதில்லை. வேரின் குறுக்குவெட்டுக்கு மட்டும் இடம் இருக்கிறது.

சிங்கப்பூர்க் கதையை அவர் இரண்டுமுறை வாசிக்கச் சொன்னார். தஞ்சோங் பகாரில் தன் வீட்டுத் தோட்டத்தில் செடி வளர்த்துவந்த ஆக்னஸ் ஜோவாக்கிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணி, வாண்டா ஹூக்கேரியானாவையும் வாண்டா டெரெஸையும் இணைத்து ஒரு கலப்பினத்தை உருவாக்கினார். தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி அதை ஆராய்ந்து 1893இல் அவர் பெயரையே சூட்டி அறிவித்தார்: வாண்டா மிஸ் ஜோவாக்கிம். 1899 மலர்க்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் புற்றுநோயால் அவர் காலமானார். 1981இல் அந்தப் பூ சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. ஆனால் அவர் அதை உருவாக்கவில்லை, மூங்கில் புதருக்கிடையே தானாக முளைத்துக் கிடந்ததைக் கண்டெடுத்தார் என்றொரு பேச்சு நெடுங்காலம் நிலவியது. ரிட்லியே எழுதிவைத்த சான்று இருந்தும் அந்தப் பேச்சு அடங்கவில்லை. 2016இல்தான், உருவாக்கியவர் அவரே என்று அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது. வீட்டுத் தோட்டத்தில், பட்டமில்லாத ஒரு பெண், இயற்கை செய்யாத ஒன்றைத் திட்டமிட்டுச் செய்தார் என்பதை ஏற்க ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தேவைப்பட்டிருக்கிறது. ஆண் விஞ்ஞானி ஒருவரின் கண்ணாடி வீட்டில் அதே செடி பூத்திருந்தால் மூங்கில் புதர் கதைக்குள் வந்திருக்காது என்று மகள் தன் குறிப்பில் எழுதியிருக்கிறாள். அவளுடைய நெறியாளர் அந்த வரியை அடித்துவிட்டார். அவள் மீண்டும் எழுதியிருக்கிறாள்.

அந்தத் தோட்டத்திலேயே 1928இல் ஹோல்ட்டம் முறையான கலப்பினத் திட்டத்தைத் தொடங்கினார். நட்சனின் குடுவை முறை அதற்குள் கைக்கு வந்துவிட்டது. அங்கே முதலில் பூத்தது ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிரிம்ரோஸ், 1931இல். மூன்றே ஆண்டு. "குடுத்து வெச்சவங்க" என்றார் தந்தை. ஸ்பாத்தோகுளோட்டிஸ் தரையில் வளர்ந்து விரைவில் பூப்பது. வாண்டா அப்படியல்ல என்று மகள் விளக்கியும் அவருக்கு மனம் ஆறவில்லை.

காத்திருப்பதைப் பற்றி அவருக்குச் சொல்ல வேறொரு கதையும் உண்டு. அது கோலார் தங்கவயலின் கதை.

தங்கவயலை வெளியார் நினைவுகூரும்போது ஜான் டெய்லர் கம்பெனியையும், சாம்பியன் ரீஃபின் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தையும், அடியில் அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டும் பாறைச் சூட்டையும் சொல்வார்கள். அண்மைக் காலமாகத் திரைப்படத்தைச் சொல்கிறார்கள். அங்கே மனிதர்கள் தங்கத்தை மட்டும் தேடவில்லை. 1965இல் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய இயற்பியலாளர்கள் வைத்த கருவிகளில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் பதிவாயிற்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் பதிவாயிற்று. உலகில் முதன்முறையாக. மேலே உள்ள பாறை பிற துகள்களையெல்லாம் வடிகட்டிவிடும் என்பதால்தான் அவர்களுக்கு ஆழம் தேவைப்பட்டது. பின்பு, 1980 வாக்கில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி ஒன்றை நிறுவினார்கள். புரோட்டான் என்றேனும் தானாகச் சிதைகிறதா என்று பார்ப்பதற்கு. அக்காலக் கோட்பாடுகளின்படி ஒரு புரோட்டானின் ஆயுள் பிரபஞ்சத்தின் வயதைவிடக் கோடானுகோடி மடங்கு நீண்டது. ஆகவே எண்ணற்ற புரோட்டான்களை ஓரிடத்தில் குவித்துவைத்து, அவற்றில் ஒன்றாவது நம் காலத்தில் சிதையாதா என்று காத்திருக்க வேண்டும்.

அந்த இரும்புத் தகடுகள் கேஜில் இறங்கிய நாட்களில் தூக்கி இறக்கியவர்களுள் அவரும் ஒருவர். எதற்கு இவ்வளவு இரும்பு என்று அப்போது பம்பாயிலிருந்து வந்திருந்த இளம் விஞ்ஞானி ஒருவரிடம் கேட்டாராம். ஒரு பொருள் சாகிறதா என்று பார்க்கிறோம் என்று அரைகுறைத் தமிழில் விடை வந்தது. எப்போது சாகும்? சாகாமலும் போகலாம். ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு சாவுக்குக் காவல் இருக்கும் வேலை நமக்கும் கிடைத்தால் தேவலை என்று ஒருவர் சொன்னதை இன்றும் அவர் நடித்துக் காட்டுவார். புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று கோலார்க் குழுவினர் சில நிகழ்வுகளை அறிவித்தார்கள். பிற நாடுகளின் பெரிய கருவிகளில் அவை உறுதிப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் சோதனை முடிவுக்கு வந்தது. புரோட்டான் இன்றுவரை யார் கண்ணெதிரிலும் சிதையவில்லை.

"வராதத எதிர்பாத்து பத்து வருசம் ஒக்காந்திருந்தாங்க. நான் வர்றதத்தான எதிர்பாக்கறேன்" என்பது மாடியில் அவர் அடிக்கடி சொல்லும் வாதம். அதில் சிறு பிழை உண்டு. பூ வரும்; அவர் கண் அதுவரை இருக்குமா என்பதுதான் உறுதியில்லாதது.

மாதம் ஒருமுறை பெங்களூர் மருத்துவமனையில் இடக்கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். சிதைவை அது குணப்படுத்தாது, வேகத்தைக் குறைக்கும். விடியற்காலை ரயிலைப் பிடித்து, நெரிசலில் நின்று, ஊசிக்குப் பின் கட்டுப்போட்ட கண்ணோடு அன்றே திரும்புவது எழுபத்தைந்து வயதில் எளிதல்ல. தங்கவயலும் பங்காருபேட்டையும் இன்று பெங்களூருக்கு நாள்தோறும் ஆட்களை அனுப்பி இரவில் திரும்பப் பெறும் ஊர்கள். ரயிலில் முன்பதிவில்லாத பெட்டிகளின் படிக்கட்டு வரை ஆட்கள் நிற்பார்கள். தங்கவயலுக்கென 1894இல் போடப்பட்ட கிளைப்பாதை முன்பு உள்ளே ஆள் கொண்டுவந்தது. இப்போது வெளியே கொண்டுபோகிறது. மருத்துவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: ஊசி ஒருமாதம் தவறினாலும் இழந்த பார்வை திரும்பாது. மகள் இருக்கும் இடத்துக்கே வந்துவிடுங்கள் என்றார். மகளும் ஆறு மாதமாக அதையேதான் சொல்கிறாள். மூன்றாவது மாடியில் இரண்டறை வீடு. வெயில் படும் பால்கனி இல்லை.

பூத்தண்டு விட்ட செடியை இடம் மாற்றினால், வெளிச்சமும் காற்றின் ஈரமும் மாறிய அதிர்ச்சியில் மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். ஆர்க்கிட் வளர்ப்போர் எல்லாருக்கும் இது தெரியும். ஆகவே புடைப்பு பூத்தண்டென்றால் அவர் நகரமாட்டார். வேரென்றால் பேச்சுக்கு இடமுண்டு. மகள் படத்தைப் பார்த்ததும் வேர் என்று சொன்னதில் அவளுடைய விருப்பமும் கலந்திருந்ததோ என்னவோ. அவளும் இதை உணர்ந்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வந்தபோது அவள் படமெடுக்கவில்லை.

பூத்தாலும் அதற்கு முறையான பெயர் கிடைக்கப்போவதில்லை. கலப்பின ஆர்க்கிட்டுகளின் உலகப் பதிவேடு 1906இல் சாண்டர் என்பவரின் பட்டியலாகத் தொடங்கியது. 1961 முதல் இலண்டனிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே பதிவு செய்ய இரண்டு வேண்டும்: செடி ஒருமுறையேனும் பூத்திருக்க வேண்டும், பெற்றோர் இன்னின்னார் என்று தெரிந்திருக்க வேண்டும். பூக்காத செடிக்குப் பெயர் இல்லை என்ற விதி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறந்து மூச்சுவிட்ட பிறகுதானே நாமும் தொட்டிலில் பெயர் சொல்கிறோம் என்றார். இரண்டாம் விதிதான் இடித்தது. லால்பாகில் வாங்கிய நீல வாண்டாவின் அட்டையில் எழுதியிருந்த பெயர் ஒரே கோடையில் வெளுத்து மறைந்துவிட்டது. நீல வாண்டாக்களில் பெரும்பாலானவற்றின் வம்சத்தில் 1931இல் பதிவான வாண்டா ரோத்ஸ்சைல்டியானா எங்கேனும் இருக்கும். அதற்குமேல் எதுவும் சொல்வதற்கில்லை. தாய் மாமரத்துக்காரி, தந்தை பெயர் தெரியாதவன். பதிவேட்டுக்கு இது போதாது.

அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. காலிப் பானக் குவளையின் அலுமினியத் தகட்டை வெட்டி, ஆணியால் புள்ளிபுள்ளியாக அடித்து, ஒன்பது செடிகளுக்கும் எண் கொடுத்திருக்கிறார். வெயிலில் வெளுக்காது, தடவினாலும் தெரியும். புடைப்பு வந்த செடி ஏழாம் எண்.

சமீப காலமாக அவர் நீலத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பதை மகள் கவனித்தாள். கட்டம் வருமா, உதட்டின் ஊதா தங்குமா என்ற பேச்செல்லாம் ஓய்ந்துவிட்டது. ஒருநாள் இரவு, வாசிப்பு முடிந்தபின், மணம் வருமா என்று கேட்டார். அவள் தேடிப் படித்துவிட்டுத்தான் விடை சொன்னாள். நீல வாண்டாக்கள் பெரும்பாலும் மணமற்றவை. கலப்பினத்தில் மணம் பல மரபணுக்களைப் பொறுத்தது. பாதியாகலாம், வேறாகலாம், இல்லாமலே போகலாம். ஒரே காயின் பிள்ளைகளுக்குள்ளேயே ஒன்று மணக்கும், ஒன்று மணக்காது. ஒன்பதில் எது என்று பூத்தால்தான் தெரியும். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். 2016இல் ஈர்க்குச்சியைப் பிடித்தபோது மணத்தை எண்ணிச் செய்யவில்லை என்றும், எண்ணியிருந்தால் இரண்டு பக்கமும் மணமுள்ளதாகச் சேர்த்திருப்பேன் என்றும் மட்டும் சொன்னார்.

மையப் பார்வை போனவர்களுக்கு ஓரப் பார்வை எஞ்சியிருக்கும். ஒன்றை நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் சாம்பல்நிறப் புகை. சற்றுத் தள்ளிப் பார்த்தால் புகைக்குப் பக்கத்தில் அது மங்கலாகத் தெரியும். அவர் மகளின் முகத்தையே இப்போது அவளுடைய தோளைப் பார்த்துத்தான் பார்க்கிறார். பூ விரியும்போதும் பக்கத்துச் செடியைப் பார்த்தால்தான் ஏழாம் எண் தெரியும்.

பத்து நாள் கழிந்தது. புடைப்பு அரைக் கட்டைவிரல் நீளம் வளர்ந்து, மேல்நோக்கித் திரும்பியது. வேரென்றால் நுனி வழவழப்பாக உருண்டு கீழ்நோக்கியோ காற்றை நோக்கியோ போகும். இதன் நுனியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் மூடியிருந்தன. மகள் அன்று சனிக்கிழமையின் கடைசி ரயிலில் வந்து, பையைக்கூட இறக்காமல் மாடியேறி, கைவிளக்கை அடித்துப் பார்த்தாள். அவர் கீழே படுத்திருந்தார். எழுப்பவில்லை. காலையில் அவர் தாமே மேலே போய், விரலை வைத்து, செதில்களை எண்ணுவதுபோல் மெல்லத் தடவிவிட்டு, தட்டைதானே என்று கேட்டார். தட்டைதான் என்றாள்.

அடுத்த ஊசி இம்மாதக் கடைசியில். அன்று அவர் ரயிலில் போய்வருவதென்றும், போகும்போதும் வரும்போதும் மகள் உடனிருப்பதென்றும், வீடு மாறும் பேச்சைப் பூ வாடிய பிறகு எடுப்பதென்றும் அந்தக் காலையிலேயே முடிவாயிற்று. வாண்டாவின் பூ வாடச் சில வாரங்கள் ஆகும் என்பதை இருவரும் குறிப்பிடவில்லை. அவருடைய மனைவி பீப்பாயைத் திறந்து அளந்து பார்த்துவிட்டு, சித்திரை வரைக்கும் தண்ணீர் தாங்கும் என்று கீழிருந்து குரல் கொடுத்தார்.